உளவு வழக்கு விசாரணைக்கு நம் ஆட்களைப் பழக்குவது எப்படி?

சேலம் மாவட்டத்து இன்ஸ்பெக்டர் ஒருவர் கேட்டிருக்கிறார்: ஏற்காட்டில் மூன்று நாள் பயிற்சி நடத்தும் பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார்கள். உளவு வழக்கு எதையுமே பார்த்திராத எஸ்.ஐ.களுக்கும் இன்ஸ்பெக்டர்களுக்கும் என்ன சொல்லிக்கொடுப்பது? சந்தேக நபரை உட்காரவைத்து விசாரிக்க எப்படிப் பழக்குவது? பொய் கண்டறியும் கருவி பற்றி ஒரு வகுப்பு வைக்கலாமா?

தம்பி, முதல் வகுப்பு தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே யாராவது கேட்பார்கள்: "இந்த மாதிரி கேஸெல்லாம் கியூ பிரிவுக்கோ என்.ஐ.ஏ.வுக்கோ போயிடும், நமக்கு எதுக்குங்க இது?" (கியூ பிரிவு தமிழக போலீஸின் உளவுப் பிரிவு, என்.ஐ.ஏ. மத்திய அரசின் புலனாய்வு அமைப்பு.) அதற்கான பதிலைக் கையில் வைத்திருங்கள். வழக்கு கடைசியில் அங்கேதான் போகும். 2012இல் திருச்சியில் உளவு சந்தேகத்தில் ஒருவரைப் பிடித்ததும் கியூ பிரிவுதான். ஆனால் முதல் சில மணி நேரம் பெரும்பாலும் உள்ளூர் ஸ்டேஷன் கையில் இருக்கும். ராணுவத் தளவாடங்களுக்கான தமிழ்நாட்டுப் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து முனைகளில் சென்னை, கோவை, ஓசூர், திருச்சியோடு சேலமும் ஒன்று. நாலு மெஷின் போட்டிருக்கும் பட்டறைக்குக்கூட நாளைக்கு ஏதோ ஒரு பாதுகாப்பு உதிரிபாகத்தின் வரைபடம் வரலாம். அந்த வரைபடத்தை ஒருவன் போனில் படம் எடுத்தான் என்று முதலாளி புகார் கொடுக்க வந்தால், முதலில் பார்ப்பது பாரா காவலரையும் ரைட்டரையும்தான். மலை மேலும் அப்படித்தான். வெளிநாட்டவரைத் தங்கவைத்தால் 24 மணி நேரத்துக்குள் அரசுக்குத் தகவல் அனுப்ப வேண்டும் என்பதே தெரியாமல் வீட்டை வாடகைக்கு விடுகிறவர்கள் உண்டு. ஒரு சந்தேகம் இப்படி ஒரு விடுதிப் பதிவேட்டிலிருந்துகூட ஆரம்பிக்கலாம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மூன்று நாளில் ஒரே ஒரு விஷயம்தான் அவர்கள் மண்டையில் ஏற முடியும் என்றால், அது இதுவாக இருக்கட்டும். கொலை வழக்கில் பிணம் இருக்கிறது. திருட்டு வழக்கில் பீரோ காலியாக இருக்கிறது. உளவு வழக்கில் பெரும்பாலும் எதுவுமே காணாமல் போயிருக்காது. படம் எடுத்த வரைபடம் அதே மேஜையில் அப்படியே கிடக்கும். அதனால் நம் ஆட்கள் குற்றத்திலிருந்து ஆளைத் தேடாமல், ஆளிலிருந்து குற்றத்தைத் தேடக் கிளம்புகிறார்கள். குற்றம் கண்ணில் படாதபோது அதை அவன் வாயிலிருந்தே உருவாக்கிவிடும் ஆசை வருகிறது. இந்த ஆசையை அடக்கத் தெரிந்தவன்தான் உளவு வழக்குக்குத் தகுதியான ஐ.ஓ. (விசாரணை அதிகாரி). மற்றதெல்லாம் அப்புறம்.

இதற்குப் பாடமாக வைக்க நமக்கு வெளிநாட்டு உதாரணம் தேவையில்லை. இஸ்ரோ வழக்கையே எடுத்துக்கொள்ளுங்கள், அரை நாள் ஒதுக்குங்கள். 1994 அக்டோபரில் திருவனந்தபுரத்தில் விசா காலம் முடிந்தும் தங்கியிருந்த மாலத்தீவுப் பெண் ஒருவர் கைதானார். வெளிநாட்டவர் சட்டத்தில் முடிந்திருக்க வேண்டிய சமாச்சாரம். ஒரு மாதம் கழித்து, நவம்பர் 30 அன்று, நாகர்கோவிலில் பிறந்த விஞ்ஞானி நம்பி நாராயணன் கைதானார். ராக்கெட்டுக்கான கிரையோஜெனிக் எஞ்சின் ரகசியத்தை விற்றார் என்பது குற்றச்சாட்டு. அந்தத் தொழில்நுட்பத்தை ரஷ்யாவிடமிருந்து வாங்கும் ஒப்பந்தமே அமெரிக்க நெருக்கடியால் 1993இல் சுருங்கிப்போயிருந்தது. நம் கையில் அது அப்போது முழுமையாக இல்லவே இல்லை. 'விற்றதாகச் சொல்லப்படும் பொருள் இவர்களிடம் இருந்ததா?' என்று முதல் நாளே ஒரு தொழில்நுட்ப அதிகாரியைக் கேட்டிருந்தால் வழக்கு வேறு திசையில் போயிருக்கும். நம்பி நாராயணன் ஐம்பது நாள் சிறையில் இருந்தார். 1996இல் சி.பி.ஐ. வழக்கு பொய் என்று அறிக்கை கொடுத்தது. 2018 செப்டம்பர் 14 அன்று உச்ச நீதிமன்றம் 50 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது, போலீஸ் அதிகாரிகளின் பங்கை ஆராய நீதிபதி டி.கே. ஜெயின் தலைமையில் குழுவும் போட்டது. உங்கள் ஆட்களிடம் அந்தத் தீர்ப்பைக் கொடுத்து, 'நீங்கள் ஐ.ஓ.வாக இருந்தால் எந்த நாளில், எந்த இடத்தில் நிறுத்தியிருப்பீர்கள்?' என்று எழுதச் சொல்லுங்கள். பேசவிடாதீர்கள், எழுதச் சொல்லுங்கள். பேசினால் சீனியர் சொல்வதற்கு எல்லோரும் தலையாட்டுவார்கள்.

அலுவல் ரகசியச் சட்டம் 1923ஆம் வருடத்தது. பிரிவுகளை மனப்பாடம் செய்யவைக்க வேண்டாம், ஆனால் சில இடங்களில் நின்று நிதானமாகப் படிக்கவைக்க வேண்டும். 3ஆம் பிரிவு உளவு. பாதுகாப்பு சம்பந்தப்பட்டதென்றால் 14 ஆண்டு வரை தண்டனை. குறிப்பிட்ட ஒரு செயலை நிரூபிக்காவிட்டாலும், சூழ்நிலை, நடத்தை, ஆளின் குணம் இவற்றிலிருந்தே நோக்கத்தை ஊகிக்க அதே பிரிவு இடம் கொடுக்கிறது. 4ஆம் பிரிவு இன்னும் கூர்மை: அந்நிய ஏஜெண்டின் பெயரோ முகவரியோ ஒருவரிடம் இருந்தாலே தொடர்பு இருந்ததாகக் கொள்ளலாம், இல்லை என்று காட்டுவது அவன் பொறுப்பு. இன்றைய போனில் எத்தனை ஆயிரம் பேரின் எண்ணும் பெயரும் கிடக்கின்றன, நினைத்துப் பாருங்கள். சட்டம் இவ்வளவு தாராளமாக இருப்பதாலேயே ஐ.ஓ. கறாராக இருக்க வேண்டியிருக்கிறது. 5ஆம் பிரிவில், தெரிந்தே கொடுத்தவனோடு, ரகசியத்தை ஒழுங்காகப் பாதுகாக்காமல் விட்டவனும் வருகிறான். உளவாளி வேறு, அசட்டையான ஆள் வேறு. இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பதுதான் விசாரணை அறையில் நடக்க வேண்டிய பாதி வேலை.

இனி ஒப்புதல் வாக்குமூலம். போலீஸிடம் சொன்ன ஒப்புதல் நீதிமன்றத்தில் செல்லாது. பழைய சாட்சியச் சட்டத்தின் 25, 26, 27 பிரிவுகள் 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாட்சிய அதினியத்தின் 23ஆம் பிரிவுக்குள் வந்துவிட்டன, சாரம் மாறவில்லை. அவன் சொன்னதை வைத்து ஒரு பொருளைக் கண்டெடுத்தால் அந்த அளவுக்குத்தான் மதிப்பு. மதராஸ் மாகாணத்திலிருந்து அந்தக் காலத்துக் கடைசி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போன புலுக்குரி கோட்டையா வழக்கு இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. இதெல்லாம் உங்கள் ஆட்களுக்குத் தெரியும். தெரிந்தும் லாடம் கட்டத்தான் கை போகும், ஏனென்றால் திருட்டு வழக்கில் அடித்தால் நகை கிடைக்கிறது என்ற பழக்கம். உளவு வழக்கில் அடித்தால் கதைதான் கிடைக்கும். நாம் கேள்வியிலேயே கொடுத்த பெயரை அவன் பதிலில் திருப்பிக் கொடுப்பான், நாமும் 'புதுத் தகவல்' என்று அதன் பின்னால் ஓடுவோம். இரண்டாம் உலகப் போரில் லண்டனில் பிடிபட்ட ஜெர்மானிய உளவாளிகளை விசாரித்த முகாமின் தலைவர் ராபின் ஸ்டீஃபன்ஸ் கோபக்காரர், மென்மையானவர் என்று யாரும் சொன்னதில்லை. அவரே கைதிகளைத் தொடக்கூடாது என்று உத்தரவு போட்டிருந்தார். காரணம் கருணை இல்லை. அடித்தால் வரும் தகவல் உதவாது என்பதுதான்.

ஒரு அமெரிக்க வழக்கையும் சேர்த்துக்கொள்ளலாம், சுவாரசியத்துக்காக அல்ல. எஃப்.பி.ஐ.க்குள்ளேயே இருந்த ரஷ்ய உளவாளி ராபர்ட் ஹான்ஸன் 2001 பிப்ரவரியில் பிடிபட்டார். அதற்கு முன் அவர்கள் சந்தேகப்பட்டது பிரையன் கெல்லி என்ற சி.ஐ.ஏ. அதிகாரியை. அவரைச் சோதிக்க, தப்பிக்க உதவுவதாகச் சொல்லி ஒரு போலி ஆளை வீட்டுக்கு அனுப்பினார்கள். கெல்லி மறுநாளே அதை மேலிடத்தில் புகார் செய்தார். ஒழுங்கான ஆள் செய்வதைத்தான் செய்தார், ஆனால் அதையும் 'பார், எவ்வளவு கெட்டிக்காரன்' என்றே எடுத்துக்கொண்டார்கள். கடைசியில் ரஷ்யாவிலிருந்து விலைக்கு வாங்கிய கோப்பில் ஒரு ஒலிநாடா இருந்தது. அதில் கேட்ட குரல் கெல்லியுடையது இல்லை. உளவாளி கைப்பட்ட பிளாஸ்டிக் பையில் கைரேகையும் இருந்தது. குரலும் ரேகையும் ஹான்ஸனைக் காட்டித் தீர்த்துவைத்தன. ஒருவன் செய்வதெல்லாம், அதற்கு எதிரானதும்கூட, நம் சந்தேகத்தைப் பலப்படுத்துகிறது என்றால், கோளாறு நம் பக்கம் என்று உங்கள் ஆட்களுக்கு உறைக்க வேண்டும். இதற்காக ஒரு பழக்கம் சொல்கிறேன்: ஒவ்வொரு நாளும் கேஸ் டைரி எழுதி முடித்ததும், தனித்தாளில், 'இவன் நிரபராதி என்றால் இந்த உண்மைகளை எப்படி விளக்குவேன்?' என்று நாலு வரி எழுதவேண்டும். நாலு வரி எழுத வரவில்லை என்றால் இன்னும் விசாரிக்கவில்லை என்று அர்த்தம்.

பொய் கண்டறியும் கருவி பற்றிய வகுப்பு வேண்டாம். 2010 மே மாதம் செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கில், சம்மதமில்லாமல் நார்கோ (மருந்து கொடுத்துப் பேசவைப்பது), பாலிகிராஃப் (பொய் கண்டறியும் கருவி), மூளை வரைபடச் சோதனை எதுவும் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சம்மதித்துச் செய்தாலும் நம்ப முடியுமா? சி.ஐ.ஏ.வுக்குள் இருந்தே சோவியத்துக்கு வேலை பார்த்த ஆல்ட்ரிச் ஏம்ஸ் 1986இலும் 1991இலும் அந்தக் கருவியைத் தாண்டிவந்து, 1994இல்தான் பிடிபட்டார். 'கருவி வேண்டாம், முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன்' என்கிறவர்களும் வருவார்கள். 2006இல் பாண்ட், டிபாலோ என்ற இரண்டு ஆய்வாளர்கள் இருநூறுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, மனிதர்கள் பொய்யையும் மெய்யையும் சரியாகப் பிரித்தது சராசரியாக 54 சதவீதம். காசைச் சுண்டிப்போட்டாலே 50 வரும். வகுப்பில் இதைச் சொல்லும்போது ஒரு முணுமுணுப்பு எழும். எழட்டும்.

அப்படியானால் விசாரிப்பது எப்படி? இங்கிலாந்தில் குண்டுவெடிப்பு வழக்குகளில் போலீஸ் வாங்கிய வாக்குமூலங்களால் 15, 16 ஆண்டு சிறையில் கிடந்தவர்கள் 1989இலும் 1991இலும் விடுதலையானார்கள். அந்த அவமானத்துக்குப் பிறகு 1990களின் தொடக்கத்தில் அவர்கள் கொண்டுவந்த முறைக்கு 'பீஸ்' (PEACE) என்று பெயர். தயாரிப்பு, பேச்சைத் தொடங்கி விளக்குவது, அவன் கதையைக் கேட்டுத் தெளிவாக்கி முரண்பாடுகளை எடுத்து வைப்பது, முடிப்பது, பிறகு நாமே மதிப்பிட்டுப் பார்ப்பது. நம் ஆட்கள் தவறவிடுவது இரண்டு இடத்தில். தயாரிப்பே இல்லாமல் உள்ளே போகிறார்கள். அவன் கதையைச் சொல்ல விடுவதில்லை. 'முதல் இருபது நிமிடம் நீ பேசு, நான் குறுக்கிட மாட்டேன்' என்று ஒரு இன்ஸ்பெக்டரை உட்காரவைத்துப் பாருங்கள், தவித்துப்போவார்.

கையில் இருக்கும் ஆதாரத்தை எப்போது காட்டுவது என்பதுதான் நுணுக்கம். ஸ்வீடனைச் சேர்ந்த கிரான்ஹாக் என்ற உளவியலாளரும் கூட்டாளிகளும் இதை நிறைய ஆராய்ந்திருக்கிறார்கள். ஒரு பயிற்சிக் கதை தருகிறேன், அப்படியே பயன்படுத்திக்கொள்ளுங்கள். பட்டறை சூப்பர்வைசர் ஒருவன், வயது 26. ஃபேஸ்புக்கில் பழக்கமான ஒரு 'பெண்ணுக்கு' வரைபடம் அனுப்பினான் என்று சந்தேகம். அவன் பெயர் ஏற்காட்டு விடுதி ஒன்றின் பதிவேட்டில் இருப்பது நமக்குத் தெரியும். வழக்கமான பாணி என்ன? "எட்டாம் தேதி ஏற்காட்டுல யாரைடா பார்த்தே? ரிஜிஸ்டர்ல உன் பேரு இருக்கு!" முடிந்தது. அவன் அந்தப் பதிவேட்டுக்குப் பொருந்துகிற மாதிரி ஒரு கதையை அங்கேயே தைத்துக்கொள்வான். அதற்குப் பதில்:

"போன மாசம் ஊரை விட்டு வெளிய எங்கெல்லாம் போயிருந்தீங்க?"

"எங்கயும் போகலைங்க சார். பட்டறை, வீடு, அவ்வளவுதான்."

"ஏற்காடு பக்கம்?"

"மேல போயி ரெண்டு வருசமாச்சுங்க."

"உங்க ஆதாரை வேற யாருக்காச்சும் குடுத்திருக்கீங்களா? உங்க பேர்ல யாராவது ரூம் போட்டிருப்பாங்களா?"

"அதெல்லாம் யாருக்கும் குடுக்கலைங்க."

இப்போது எல்லா வழியும் அவனே அடைத்துவிட்டான். பிறகு பதிவேட்டைக் காட்டலாம். கவனியுங்கள், இதில் மிரட்டல் இல்லை, ஏமாற்று இல்லை, 'நீங்க' என்றே பேசியிருக்கிறோம். ஆனால் இதற்கு அப்புறம்தான் பெரிய பள்ளம். அவன் பொய் சொன்னான் என்பது உறுதி. உளவு பார்த்தான் என்பது உறுதியில்லை. வீட்டுக்குத் தெரியாமல் ஒரு பெண்ணோடு போயிருக்கலாம். ஆசைகாட்டி வலைவிரிக்கும் இந்தக் காலத்து வழக்குகளில், ரகசியத்தை வெளியிட்டதைவிட அந்தரங்கப் பேச்சு வெளியே வருவதைத்தான் பலர் அதிகம் பயந்து மறைப்பார்கள். வெட்கத்தால் சொல்லும் பொய்யை நம் ஆள் தேசத்துரோகப் பொய்யாக எழுதிவிடுவார். அந்த மாதிரி கேள்விகளை ஒருவர் மட்டும், கதவுக்கு வெளியே நாலு பேர் சிரிக்காத இடத்தில், கேட்கப் பழக்குங்கள்.

பொறுமைக்கு ஒரு நல்ல உதாரணம் கிளாஸ் ஃபூக்ஸ் வழக்கு. அணுகுண்டு ரகசியத்தை சோவியத்துக்குக் கொடுத்தவர். பிரிட்டிஷாரிடம் இருந்த ஆதாரம் இடைமறித்துப் படித்த ரகசியத் தந்திகள். அதை நீதிமன்றத்தில் காட்ட முடியாது. ஸ்கார்டன் என்ற அதிகாரி 1949 டிசம்பரிலிருந்து பலமுறை போய்ப் போய்ப் பேசினார். 1950 ஜனவரியில் ஃபூக்ஸ் தானே ஒப்புக்கொண்டார். இதைச் சொல்லிவிட்டு அதே மூச்சில், அதே ஸ்கார்டனிடம், சோவியத்துக்கு உளவு பார்த்த பிரிட்டிஷ் உளவுத்துறை அதிகாரி கிம் ஃபில்பி அசையவே இல்லை என்பதையும் சொல்லுங்கள். இல்லாவிட்டால் ஆட்கள் இதையும் மந்திரம் மாதிரி எடுத்துக்கொள்வார்கள்.

நடிப்புப் பயிற்சிக்குக் காவலரைச் சந்தேக நபராக உட்காரவைக்கிற வழக்கத்தை விட்டுவிடுங்கள். இன்ஸ்பெக்டர் ஐயாவுக்கு முன்னால் கான்ஸ்டபிள் இரண்டே நிமிடத்தில் 'உடைந்து' கொடுப்பார், இன்ஸ்பெக்டரும் தன் திறமை என்று நினைத்துக்கொள்வார். நம் மாவட்டத்தில் தெருக்கூத்து ஆடுபவர்களுக்குப் பஞ்சமில்லை. இரண்டு மூன்று பேரைக் கூலி கொடுத்துக் கூப்பிடுங்கள். ராத்திரி முழுக்க ஆடி, கூட்டத்தின் கிண்டலுக்கும் சளைக்காமல் பதில் சொல்கிறவர்கள், தொப்பிக்குப் பயப்பட மாட்டார்கள். ஆளுக்கு ஒரு உறை: ஒன்றில் 'நீ கொடுத்தாய்', இன்னொன்றில் 'நீ கொடுக்கவில்லை, ஆனால் வேறு ஒன்றை மறைக்கிறாய்'. எது யாருக்கு என்று உங்களுக்குக்கூடத் தெரியக்கூடாது. முடிந்ததும் நடிகரிடமே கேளுங்கள்: எந்தக் கேள்விக்குப் பேசலாம் என்று தோன்றியது, எந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டீர்கள்? பயிற்சியாளர் சொன்னால் ஏற்காத ஆட்கள் இதை ஏற்றுக்கொள்வார்கள்.

ஏற்காட்டில் நடத்துவதால் ஒரு பெரிய வசதி இருக்கிறது. செல்போன் டவர் இருப்பிடத்தை வேதவாக்காக எடுத்துக்கொள்ளும் நோய்க்கு அங்கே மருந்து உண்டு. எல்லோரையும் லேடீஸ் சீட்டுக்கு அழைத்துப்போய், போன் எந்த டவரைப் பிடித்திருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். கீழே சேலம் நகரம் நேராகத் தெரிகிற இடம். மலையிலிருக்கும் போன் அடிவாரத்து டவரைப் பிடிக்க வாய்ப்பு உண்டு. அங்கிருந்து ஒண்டிக்கடைச் சந்திப்புக்கு வந்து மறுபடி பாருங்கள். பிறகு, 'சி.டி.ஆர்.படி (செல்போன் அழைப்புப் பதிவின்படி) எதிரி (குற்றம் சாட்டப்பட்டவர்) அன்று சேலத்தில் இருந்தார்' என்று எழுதுவதற்கு முன் கை கொஞ்சம் தயங்கும்.

வாக்குமூலம் எழுதுவதையும் திருத்த வேண்டும். எஸ்டேட் தொழிலாளியும் பொறியாளரும் ஒரே மாதிரி, 'நான் மேற்படி விலாசத்தில் குடியிருந்து வருகிறேன்' என்று ரைட்டர் தமிழில் பேசினால் எந்த நீதிபதிக்கும் சந்தேகம் வரும். இந்திக்காரத் தொழிலாளியை விசாரித்தால் இந்தியிலேயே பதிவு செய்து, மொழிபெயர்ப்பவரை உள்ளூர்த் தேநீர்க்கடையிலிருந்து பிடித்து வராமல் முன்கூட்டியே ஏற்பாடு செய்யுங்கள். பெண் சாட்சியை ஸ்டேஷனுக்கு வரச்சொல்லக்கூடாது, அவர் இருக்கும் இடத்துக்குப் போக வேண்டும். கைதானவருக்கு விசாரணையின்போது வழக்கறிஞரைச் சந்திக்கும் உரிமை புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 38ஆம் பிரிவிலும் இருக்கிறது. விசாரணை அறையில் கேமரா வேண்டும் என்று 2020 டிசம்பரிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியாயிற்று. அது நமக்கும் பாதுகாப்புதான்.

போனைக் கைப்பற்றும் கட்டத்துக்குத் தனி வகுப்பே வையுங்கள். யாராவது ஒரு காவலர் ஆர்வத்தில் அவன் போனைத் திறந்து அந்தப் 'பெண்ணுக்கு' ஒரு ஹாய் அனுப்பிவிட்டால் தீர்ந்தது. கைப்பற்றுவதை வீடியோ எடுக்க வேண்டும், போன் வலையமைப்பிலிருந்து துண்டிக்கப்பட வேண்டும், பிரதியெடுக்கும்போது, பிரதி மாறவில்லை என்று காட்டும் ஹாஷ் எண்ணோடு பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவுச் சான்று வேண்டும். ரகசிய வரைபடத்தை ஸ்டேஷன் வாட்ஸ்ஆப் குழுவில் போட்டு 'இதுதானா சார்?' என்று கேட்பவன், எதிரி செய்ததாகச் சொல்லும் வேலையைத் தானே செய்கிறான். பிரஸ் மீட் ஆசையும் இதே வகை. எஸ்.பி.யிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

கடைசி நாளில் அரசு வழக்கறிஞரை அழைத்து இரண்டு விஷயம் மட்டும் பேசச் சொல்லுங்கள். ஒன்று, அலுவல் ரகசியச் சட்டத்தில் நம் குற்றப்பத்திரிகை மட்டும் போதாது; 13ஆம் பிரிவின்படி அரசின் உத்தரவோ அதிகாரமோ பெற்ற புகார் இல்லாமல் நீதிமன்றம் வழக்கை எடுக்காது. ஆவணம் ரகசியமானதா என்று சொல்ல வேண்டியது அந்த ஆவணத்துக்குச் சொந்தமான துறையின் அதிகாரி, நீங்களோ நானோ இல்லை. இந்த இரண்டு கடிதப் போக்குவரத்துக்கும் வாரக்கணக்கில் ஆகும். இரண்டு, 2020 டிசம்பரில் தில்லி உயர் நீதிமன்றம் இந்தச் சட்டத்தில் கைதான ஒரு பத்திரிகையாளருக்கு, 60 நாளில் குற்றப்பத்திரிகை வரவில்லை என்று ஜாமீன் கொடுத்திருக்கிறது. பெரிய தண்டனையாயிற்றே, 90 நாள் இருக்கும் என்று யாரும் சாவகாசமாக இருக்க வேண்டாம். கைது செய்த அன்றே 60ஆம் நாளைக் காலண்டரில் குறித்து, துறைக்குக் கடிதத்தை அடுத்த நாளே அனுப்பப் பழக்குங்கள். வழக்கறிஞருக்குக் கோர்ட் இருக்கும், மதியத்துக்கு மேல் மலையேறத் தயங்குவார். காலை முதல் வகுப்பாகவே போட்டுவிடுங்கள்.